பூதத்துக்கும் அதே சட்டம்

லவோன் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். டெல்மர் அதைக் கவனித்தான். விஸ்கான்சின் பனியிலிருந்து உள்ளே வந்தவள், கணப்பு ஓடுகிற அறையில் கோட்டோடு உட்கார்ந்தால், அவள் தங்க வரவில்லை என்று அர்த்தம்.

"இன்னிக்கு அந்தப் பூதம் சாகணும்," என்றாள். "சாகலைன்னா அடுத்த சனிக்கிழமை நானும் ஆர்வில்லும் லைப்ரரி மேஜைக்குப் போயிருவோம். அங்க ஒரு சின்னப் பொண்ணு நடத்துறாளாம். ஒரு சண்டையைக் காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறாளாம்."

"காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சா அது சண்டையா, தும்மலா?"

"எதுவோ ஒண்ணு. முடியுதுல்ல? நாலு வாரமா அந்தப் பாலத்துக்கு அடியில முழங்கால் தண்ணியில நிக்கிறேன் டெல்மர். நிஜமா நின்னிருந்தா கால் அழுகிப் போயிருக்கும்."

டெல்மர் வீட்டின் நிலவறையில் பதினோரு வருடமாக இந்த ஆட்டம் நடக்கிறது. டெல்மர் கதை சொல்வான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடத்தில் இருப்பார்கள். தான் என்ன செய்கிறேன் என்பதை அவரவர் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும்; எண் பெரிதானால் பலித்தது, சிறிதானால் தவறியது. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் லவோன், இங்கே செந்நரி என்ற திருடி. பனி தள்ளும் வண்டி ஓட்டும் அவள் புருஷன் ஆர்வில், இங்கே கோடரிக் குள்ளன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று எழுதிப் போடும் டாரில், இங்கே மந்திரவாதி.

கதைக் கணக்கில் பாலத்தடிச் சண்டை தொடங்கி இன்னும் அரை நிமிடம் ஆகவில்லை. வெளிக்கணக்கில் நாலாவது சனிக்கிழமை. போன வாரம் முழுவதையும், மந்திர வெளிச்சம் தண்ணீரில் பட்டால் திரும்புமா என்ற வழக்கில் டாரிலும் டெல்மரும் தீர்த்துவிட்டார்கள். லவோன் பாதியிலேயே எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்து தங்கையோடு போன் பேசினாள்.

லவோன் போனால் ஆர்வில்லும் போவான். மிஞ்சுவது டாரில். டாரிலும் டெல்மரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஆட்டம் இல்லை, விசாரணை. டெல்மருக்குச் சீஸ் ஆலையில் இரவு வேலை. பால் தொட்டிகளைத் தவிர எதிரில் யாரும் இல்லை. பகலெல்லாம் தூக்கம். சனிக்கிழமை மதியம் இந்த மேஜையும் இல்லாவிட்டால் அவனுக்குச் சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் கிடையாது.

அதனால் அவன் வேலையில் இருக்கும்போதே யோசித்துத் தயாராக இருந்தான். முட்டை வேகவைக்க வைத்திருக்கும் மணல் கடிகாரத்தை மேஜையின் நடுவில் வைத்தான்.

"இனிமே இந்த வீட்டுக்குன்னு தனிச் சட்டம். உன் முறை வந்ததும் இதைக் கவுப்பேன். மணல் இறங்குறதுக்குள்ள என்ன செய்யறேன்னு சொல்லணும். சொல்லலைன்னா முறை போச்சு."

"நல்லாயிருக்கே," என்றாள் லவோன். ஒரு பொத்தானைக் கழற்றினாள்.

டாரில் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டான்.

"மணல் எப்ப ஆரம்பிக்குது? நீ என் பேரைச் சொல்றப்பவா, சொல்லி முடிச்ச அப்புறமா?"

"கவுத்ததும்."

"நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டு, நீ யோசிச்சுப் பதில் சொல்றியே, அந்த நேரம் யார் கணக்குல?"

"உன் கணக்குல."

"அப்ப நீ வேணும்னே இழுத்துப் பேசினா?"

"நான் ஏன்டா இழுக்கப் போறேன்?"

"இழுப்பேன்னு சொல்லல பாஸ். சட்டத்துல ஓட்டை இருக்குன்னு சொல்றேன். இப்பவே அடைச்சிட்டா உனக்குத்தான் நல்லது."

டெல்மர் பேசும்போது கடிகாரத்தைப் படுக்கப் போடுவது என்று முடிவானது. படுக்கப் போட்டார்கள். படுத்த பிறகும் மணல் கொஞ்சம் நகர்கிறது என்றான் டாரில். இல்லை என்றான் டெல்மர். நான்கு தலைகளும் மேஜையின் மேல் குனிந்தன. ஒரு மணல் நகர்ந்த மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது.

லவோன் நிமிர்ந்தாள். கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டாள். "லைப்ரரியில இந்நேரம் ரெண்டு பூதம் செத்திருக்கும்."

டெல்மர் கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தான்.

"சரி, ரெண்டாவது சட்டம். கேள்வியே கிடையாது. சண்டைக்குள்ள கேள்வி கேட்டா அதுதான் உன் முறை. அடுத்த ஆளுக்குப் போயிருவேன்."

ஆர்வில் நாற்காலியில் அசைந்தான். பெரிய உடம்பு, அசைந்தால் நாற்காலிதான் முதலில் பேசும். ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன் அவன்.

"டெல்மர், எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்..."

"போச்சு! உன் முறை போச்சு."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா, போன..."

"போச்சுன்னா போச்சு. ஆர்வில், நீயே இப்படிப் பண்ணினா நான் யார்கிட்ட போய் அழுவேன்?"

"தப்புதான்," என்றான் ஆர்வில். டெல்மர் ஆலையிலிருந்து கொண்டுவந்த பையிலிருந்து சீஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். புதுச் சீஸ், பல்லில் கிறீச்சிட்டது.

"என் புருஷனைப் பாத்துக் கத்துக்கோ," என்றாள் லவோன் டாரிலிடம். "வாயை மூடுன்னா மூடுவார்."

டாரில் வாயை மூடும் ஆள் இல்லை. கேள்வி கேட்கக் கூடாது, அவ்வளவுதானே? "இந்தப் பூதத்துக்கு நெருப்புன்னா பயம்னு எனக்குத் தோணுது," என்று சொல்லிவிட்டு, டெல்மரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது கேள்வி."

"என் மனசுல தோணினதைச் சொன்னேன். தோணக் கூடாதுன்னு சட்டம் போடலையே நீ."

"தோணினதை உள்ளயே வெச்சுக்கோ. மணல் ஓடுது."

"அப்ப சரி. பாலத்துக்கு அடியில நெருப்பு உருண்டையை வீசுறேன்."

பகடை உருண்டது. பலித்தது. பாலத்தடி முழுவதும் தீ.

"அடேய்!" லவோன் எழுந்தேவிட்டாள். "அங்கதான்டா நான் நிக்கிறேன்!"

"நீ எங்க நிக்கிறேன்னு கேட்டா என் முறை போயிரும்ல?"

"நாலு வாரமா அங்கதான் நிக்கிறேன்! முதல்ல வந்ததும் அதைத்தான் சொன்னேன்!"

"அது சண்டைக்கு வெளியில சொன்னது."

செந்நரி பாதி வெந்துபோனாள். பூதம் தண்ணீரில் முங்கி எழுந்தது. அதற்குப் புருவம்கூடக் கருகவில்லை. லவோன் கோட்டைக் கழற்றினாள். டெல்மருக்கு ஒரு கணம் நிம்மதி. அவள் அதோடு நிற்காமல் ஸ்வெட்டர் கையையும் முழங்கைக்கு மேலே ஏற்றினாள். நிம்மதி போய்விட்டது.

"மூணாவது சட்டம்!" என்றான் அவசரமாக. "இது உங்களுக்குப் பிடிக்கும். அடி விழுந்துச்சுன்னா நிறுத்த வேண்டாம். அதே வேகத்துல திரும்ப அடி. தவறுற வரைக்கும் உன் முறைதான்."

இது வேலை செய்தது. டெல்மருக்கே நம்ப முடியவில்லை. லவோன் பகடையை உருட்டினாள். கத்தி பூதத்தின் தொடையில் இறங்கியது. திரும்ப உருட்டினாள், விலாவில் இறங்கியது. மூன்றாவது முறை தவறியபோதுகூட அவள் முகம் மலர்ந்திருந்தது. "இப்படி இருந்தா யாரு லைப்ரரிக்குப் போவா?" என்று அவளே சொன்னாள். டெல்மர் அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று பார்த்தான். கேள்வி கூடாது என்பது அவனே போட்ட சட்டம்.

அப்போதுதான் டாரில் தொண்டையைக் கனைத்தான்.

"என் முறை போனாலும் போகட்டும், ஒரே கேள்வி. பூதத்துக்கும் அதே சட்டம்தானே?"

இல்லை என்று டெல்மர் சொல்லியிருக்கலாம். வீடு அவனுடையது, மேஜை அவனுடையது, பூதமும் அவனுடையது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் டெல்மர் நியாயமாக ஆட்டம் நடத்துகிறவன் என்பார்கள். அவனைப் பற்றி ஊரில் சொல்ல வேறு எதுவும் கிடையாது.

"ஆமா," என்றான். "பூதத்துக்கும் அதே சட்டம்."

"அப்ப பகடையை எங்க கண்ணு முன்னாடி உருட்டு. அந்த அட்டைக்குப் பின்னாடி உருட்டினா, எப்ப தவறுச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதுலயே ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும்."

"வேகமா முடியும்னா முன்னாடியே உருட்டேன்," என்றாள் லவோன்.

டெல்மர் தன் எதிரே நிற்கும் அட்டைத் தடுப்பைப் பார்த்தான். பதினோரு வருடமாக அதற்குப் பின்னால்தான் அவன் பகடை உருளும். பகடை பத்தொன்பது என்று சொல்லும். செந்நரி சாகக் கூடாதே என்று டெல்மர் ஒன்பது என்று சொல்வான். செந்நரி இத்தனை காலம் உயிரோடு இருந்ததில் அவளுடைய சாமர்த்தியத்தைவிட அந்த அட்டையின் பங்கு அதிகம். இதை லவோனிடம் சொல்ல முடியாது. அட்டையை மடித்துக் கீழே வைத்தான்.

பூதத்தின் முறை. பக்கத்தில் நிற்பது செந்நரி மட்டும்தான்.

"யோசிக்கிறேன்," என்றான் டெல்மர்.

டாரில் கையை நீட்டி மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தான். "பூதத்துக்கும் அதே சட்டம், பாஸ்."

டெல்மர் உருட்டினான். பதினேழு. செந்நரிக்குத் தோளில் அடி.

"திரும்ப," என்றான் டாரில்.

பத்தொன்பது.

டெல்மர் பகடையைக் கைக்குள் வைத்து வெகு நேரம் குலுக்கினான். குலுக்கினால் எண் குறையும் என்பது போலக் குலுக்கினான். பதினான்கு. அடி விழ அதுவே போதும். பாதி வெந்தவள் தாங்க மாட்டாள்.

"தவறவே இல்லையே," என்றாள் லவோன். அவள் குரல் சின்னதாகிவிட்டது. "இன்னும் எத்தனை தாங்குவேன் டெல்மர்?"

யாரும் அதைக் கேள்வி என்று சொல்லவில்லை. டாரில்கூட.

டெல்மர் உருட்டினான். பகடை மேஜை விளிம்பு வரை ஓடி, சீஸ் கட்டிப் பையில் முட்டி நின்றது. இருபது.

கணப்பு ஒரு முறை டக்கென்றது. லவோன் தன் முன்னால் நின்ற செந்நரியின் சின்ன ஈயப் பொம்மையை விரலால் தொட்டுச் சாய்த்துப் படுக்க வைத்தாள். அதன் சிவப்பு முடிக்கு அவளே பெயின்ட் அடித்திருந்தாள்.

"ஆர்வில்," என்றான் டெல்மர். "உன் முறை."

ஆர்வில் பெண்டாட்டியைப் பார்த்தான். படுத்திருக்கும் பொம்மையைப் பார்த்தான். கேட்க ஏதோ இருந்த மாதிரி வாயைத் திறந்தான். சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

"கோடரியால வெட்டுறேன்," என்றான்.

விழுந்தது. திரும்ப உருட்டினான். விழுந்தது. ஆர்வில் பனி தள்ளுவது போல வெட்டினான். கோபம் இல்லை, அவசரம் இல்லை, ஒரே சீராக, தெரு முடியும் வரை. ஐந்தாவது வெட்டில் பூதத்தின் உயிர்க்கணக்கு தீர்ந்தது.

"செத்துச்சு," என்றான் டெல்மர். "பூதம் செத்துச்சு."

யாரும் கை தட்டவில்லை. லவோன் எழுந்து கோட்டை மாட்டினாள். கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். டெல்மர் அந்தப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே வரப்போகும் சனிக்கிழமைகளை எண்ணினான்.

"டெல்மர்."

"சொல்லு லவோன்."

"சாகணும்னு சொன்னேன், செத்துச்சு. சொன்ன வார்த்தையை மாத்த மாட்டேன். அடுத்த சனிக்கிழமை வர்றோம்." மூக்கை உறிஞ்சினாள். "புதுசா ஒருத்தியை யோசிச்சுக் கொண்டு வர்றேன். செந்நரிக்கு ஒரு நல்ல சாவு கிடைச்சுது. அவ அடி வாங்கி நின்னதாலதானே மத்தவங்க தப்பிச்சாங்க? வீணாப் போகல."

"வீணாவா? யாரு சொன்னா?" டெல்மருக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. டாரில்கூட, "கௌரவமான சாவு. ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து பல வருடம் இருக்கும்.

டெல்மர் மணல் கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான்.

"சண்டை முடிஞ்சுது, சட்டமும் முடிஞ்சுது. இப்ப யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் கேக்கலாம்."

ஆர்வில் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினான்.

"போன வாரம் நீங்க ரெண்டு பேரும் புத்தகத்தைப் புரட்டிட்டுக் கத்திக்கிட்டு இருந்தப்ப, நான் கோடரியால வெட்டிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ திரும்பாமலே 'சரி சரி, பூதம் செத்துச்சு, சும்மா இரு'ன்னு சொன்னியே டெல்மர், இது அதோட தம்பியா?"