இருவருக்கான தீவுக்கு ஐம்பத்து நாலு பேர்

யட்டியாந்தோட்டை,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய ஞாயிறு மலர் ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

பத்து வருஷமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தில் வேலை செய்வோரும் நல்ல சுகத்துடன் இருக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன். இங்கே நான் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

ஆறு வாரத்துக்கு முந்திய ஞாயிறு மலரின் பதினோராம் பக்கத்தில், முதலாவது திருமண நாளை ஓர் அழகிய தீவில் கொண்டாடத் திட்டமிடுவது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எழுதியவர் பெயர் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவருக்கே எழுதி உங்களை நிம்மதியாக விட்டிருப்பேன். கட்டுரைக்கு மேலே ஒரு படம். கடலுக்குள் கால் ஊன்றிய குடில், வெள்ளைக் கட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டிருக்கும் ஒரு ஆணும் பெண்ணும். முகம் தெரியாத அந்த ஆளை எனக்கு அன்றிலிருந்தே பிடிக்காது. கீழே கொட்டை எழுத்தில், 'இருவருக்கான தனிமையே உண்மையான ஆடம்பரம்' என்று வேறு. என் மனைவி பிரஷாந்தினி அதைக் கத்தரித்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையச் சரியாக ஆறு வாரம் இருந்தது. வேலையற்ற வேலைக்கு நாள் பார்த்துத்தான் போட்டிருக்கிறீர்கள்.

நான் யார் என்று சொல்லாமல் திட்டினால் உங்களுக்குப் புரியாது. நான் இங்கே ஒரு றப்பர் தோட்டத்தில் உதவிக் கணக்கப்பிள்ளை. விடியக்காலம் பெரட்டுக்களத்தில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, பேர் பதிந்து, யார் எந்தப் பக்கத்து மரத்தில் பால் வெட்டுவது என்று பிரித்து அனுப்புவது என் வேலை. உத்தியோகத்தருக்குக் குவாட்டர்ஸ் கொடுக்க வேண்டும், ஆனால் காலி இல்லையாம். மூன்று வருஷமாகத் தொரை இதையே சொல்கிறார், நானும் மூன்று வருஷமாகச் சரிங்க சேர் என்கிறேன். ஆகவே ஆற்றோரத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய பதினாறு காம்பராக்களில் ஒன்றில், அப்பா, அம்மா, பரீட்சைக்குப் படிக்கும் தங்கச்சி கிருஷ்ணகுமாரி, நான், போன மாசியிலிருந்து பிரஷாந்தினி. ஒரு அறை, ஒரு குசினி, வாசல் பக்கம் ஒரு இஸ்தோப்பு. அப்பா இந்தப் பக்கம் இருமினால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராஜம் அக்கா, "மல்லித் தண்ணி வச்சுக் குடிங்கண்ணே" என்கிறார். இந்த லட்சணத்தில் நானும் என் மனைவியும் சண்டை போடுவதெல்லாம் வட்ஸ்அப்பில்தான். ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? போன் சத்தம் கேட்டால், "யாரு தம்பி?" என்று அம்மா கேட்கிறார். ஒபிஸ்ல இருந்தும்மா என்று சொல்லிச் சொல்லி, தோட்டத்து ஒபிஸ் ராத்திரியிலும் வேலை செய்கிறதென்று அம்மா நம்பிவிட்டார்.

உங்கள் கட்டுரையைப் பார்த்து நான் முதலில் கோபப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பஸாருக்குப் போய்விட்டு நடந்து வரும் வழியில், இதெல்லாம் பணக்காரனுக்குப் போடுற படம், நமக்கு எதுக்கு என்றேன். அவள் சாமான் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு, "எனக்குக் கடலு கூட வேணாங்க. ஒரு நாளைக்கு ஒங்களோட வாயைத் தொறந்து சண்டை போடணும். முடிஞ்சதும் வாயைத் தொறந்து சிரிக்கணும். கல்யாணம் கட்டி ஒரு வருசமாச்சு, ஒங்க சத்தம் எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள். ஐயா, நான் தினமும் நாற்பது பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவன். வீட்டுக்கு வந்தால் கட்டைவிரலால் பேசுகிறவன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். அந்தச் சொல்லில்தான் வந்தது வினை.

உங்கள் கட்டுரையில் சொன்ன வெளிநாட்டுத் தீவின் ஒரு நாள் வாடகையைப் போனில் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், அதைப் பற்றிப் பேச்சில்லை. இந்த நாடே ஒரு தீவு, அதற்குள் நமக்கு ஒரு தீவு கிடைக்காதா என்று தேடி, பலப்பிட்டிப் பக்கம் ஆற்றுக்கு நடுவில் ஒரு குட்டித் தீவைப் பிடித்தேன். நாலே நாலு அறை. வள்ளத்தில்தான் போக வேண்டும். கதவுக்கு உட்பக்கத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போனில் கேட்டேன், ஹோட்டலில் போன் எடுத்த பிள்ளை சிரித்துவிட்டு இருக்கிறது என்றாள். சனி ஞாயிறு இரண்டு நாளுக்கு ஓர் அறை சொல்லிவைத்தேன். லீவு கேட்கப் பெரிய கிளாக்கர் மாத்தயாவிடம் போனால் காரணம் எழுதச் சொன்னார். திருமண நாள், தீவுப் பயணம் என்று எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மொகத ஐசே, அவுருத்தகட பஸ்ஸெத ஹனிமூன்?" என்று ஒபிஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். ஒரு வருஷம் கழிச்சா ஹனிமூன் என்று என்னைக் கேட்கிறார், குவாட்டர்ஸ் சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டிருக்கிற மனுஷன்.

இனி வருவது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லாமல் போயிருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இரண்டு பேர் மட்டும் ஒரு இடத்துக்குப் போகிறார்கள் என்றால் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் பொலிஸ். மற்றப்படி கதிர்காமமோ, கடற்கரையோ, போவதென்றால் லயமே போகும். பஸ் பிடித்து, சோற்றுக் கிடாரம் ஏற்றி, மேளம் தட்டிக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கம். தீவுக்குப் போகிறோம் என்று நான் சொன்னதும் அம்மா, "நாங்க எத்தனை தேங்கா எடுக்கணும்?" என்றார். இல்லம்மா, நாங்க ரெண்டு பேரும்தான் என்றேன். "ரெண்டு பேரு தனியாப் போனா, வெள்ளையம்மா வீட்டுல பிரச்சினையான்னு ஊரு கேக்கும் தம்பி" என்று தன் பெயரையே சொல்லிக் கண் கலங்கினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராஜம் அக்கா, "நாங்களும் வாரோம் தம்பி, ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க" என்றார். இலை உதிர்ந்த காலம், பால் வெட்டு இல்லை, ஆட்கள் எல்லாம் சும்மா இருக்கிறார்கள். தோட்டத்துக் கல்யாணங்களை இந்த மாதத்தில் வைப்பதே அதனால்தான். என் கல்யாணத்துக்கு இதே ஆட்கள் மூன்று நாள் தூங்காமல் பந்தல் போட்டு, கிடாரம் கழுவி, என் தோளில் மாலையைப் போட்டு அனுப்பினவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உங்கள் கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரி எழுதினாரா? 'இலேசான ஆடைகளை எடுத்துச் செல்லுங்கள்' என்று எழுதத் தெரிந்திருக்கிறது.

சரி, அவர்கள் கரையில் சமைக்கட்டும், நாங்கள் தீவில் இருப்போம், நடுவில் தண்ணீர் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிலைக்கவில்லை. தோட்டத் தலைவர் கன்னையா அண்ணன் தானே அந்த ஹோட்டலுக்குப் போன் போட்டு, நல்ல சிங்களத்தில், கிடாரம் வைக்க அடுப்புக்கல் கிடைக்குமா, ஸ்பீக்கருக்கு பிளக் எந்தப் பக்கம், வயசான ஆட்களை வள்ளத்தில் எத்தனை தடவையாக ஏற்றலாம் என்று விசாரித்திருக்கிறார். நல்ல மனுஷர், உதவி செய்கிறாராம். பத்து நிமிஷத்தில் ஹோட்டல் பிள்ளை என்னைக் கூப்பிட்டு, தங்கள் இடம் அமைதியை விரும்பும் தம்பதிகளுக்கு மட்டும் என்று மிக மரியாதையாகச் சொல்லி என் அறையை ரத்துச் செய்துவிட்டாள். நாங்களும் அமைதியை விரும்புகிற தம்பதிதான் தங்கச்சி என்றேன். போன் வைக்கப்பட்டிருந்தது. தலைவரிடம் போய்ச் சொன்னதற்கு, "அறை எதுக்கு தம்பி, பெரிய பாய் ரெண்டு எடுத்துப் போட்டாச்சு" என்று என் முதுகில் தட்டினார்.

இதோடு முடிந்ததா? பஸாரில் லாபிர் நானாவின் பஸ்ஸை வாடகைக்குப் பேசினோம். ஐம்பத்து நாலு சீட். பெயர் எழுதுகிற வேலை யாருக்கு? தினமும் எழுதுகிறவனுக்கு. போன ஞாயிறு பெரட்டுக்களத்திலேயே நின்று, கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுதினேன். குழந்தைகள் மடியில், அவர்கள் கணக்கில்லை. ஐம்பத்து நாலு பெயர் நிறைந்ததும் கோடு போட்டு, கையெழுத்து வைத்து, தாளை நானாவிடம் கொடுத்துவிட்டேன். நேற்று அவர் போன் பண்ணி, "கணக்கப்புள்ள, ஒங்கட பேரும் பிரஷாந்தினி தங்கச்சிட பேரும் இதுல இல்லையே, நீங்க வேற வண்டியா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பெயர் கூப்பிடுகிறவன் தன் பெயரைக் கூப்பிடுவதில்லை ஐயா. ஏழு வருஷப் பழக்கம். என் பெயரையும் எழுதவில்லை, என் பெண்டாட்டி பெயரையும் எழுதவில்லை. யாரையாவது இறக்கலாம் என்று பார்த்தால் எல்லாரும் புதுச் செருப்பு வாங்கிவிட்டார்கள். தலைவர்தான் முடிவு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் இளசுங்க, அடுத்த வருசம் போய்க்கலாம்." அம்மா அழுதார். அழுதுகொண்டே தேங்காய் எண்ணினார்.

ஆக, என் திருமண நாளுக்கு என் லயமே கடலுக்குப் போகிறது, நானும் என் மனைவியும் தவிர. பிரஷாந்தினியிடம் சொன்னேன். அரிசி களைந்து உலை வைத்துவிட்டுப் போனை எடுத்து எனக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினாள். ஒரு வருஷத்தில் அவள் அனுப்பிய எத்தனையோ சண்டையில் இதுபோல் என்னைக் குத்தியது ஒன்றுமில்லை. அலுமாரியைத் திறந்து பார்த்தேன், உங்கள் படத்தைக் காணோம். அடுப்பில் போட்டிருக்கிறாள்.

ஆகவே ஆசிரியர் ஐயா, நான் கேட்பது இரண்டே விஷயம். அந்தக் கட்டுரை தவறென்று அடுத்த ஞாயிறு அதே அளவில், அதே பக்கத்தில் போட வேண்டும். தனிமை ஆடம்பரம் என்று எழுதியவரை எங்கள் காம்பராவில் ஒரு வாரம், மனைவியோடு, கொண்டுவந்து தங்கவைக்க வேண்டும். சாப்பாடு எங்கள் பொறுப்பு. இது இரண்டும் முடியாதென்றால் இனிமேல் உங்கள் பத்திரிகை எனக்கு வேண்டாம், கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். என் பெயரைப் போட வேண்டாம், லயத்தில் எல்லாரும் வாசிக்கிறார்கள்.

தங்கள் பத்திரிகை மேலும் வளர்ந்து, தங்கள் பிள்ளைகள் நல்ல வீடு வாசலோடு, முக்கியமாக நிறைய அறைகளோடு வாழ வாழ்த்தி,

இங்ஙனம்,
மனமுடைந்த வாசகன்,
ஜனகன்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்தக் கடிதம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. தபால் பை கொண்டுபோகிறவரும் பஸ்ஸில் போய்விட்டார். மேலே எழுதியவற்றைத் தயவுசெய்து வாசிக்காதது போல் விட்டுவிடவும். நேற்று விடிய பஸ் மேளச் சத்தத்தோடு போய், பெக்டரி முடக்கில் திரும்பி மறைந்ததும் லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. மற்றப் பதினைந்து காம்பராவும் பூட்டு. நாங்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் இஸ்தோப்பில் நின்றோம். பிறகு அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். போனவள் அங்கிருந்து, "ஜனகன்" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் வாயால் நான் என் பெயரைக் கேட்டதில்லை. ஏன் என்று நானும் கத்தினேன். அந்தப் பெயர்ப் பட்டியலில் தொடங்கி, கல்யாணத்தன்று நான் அவள் சித்தப்பாவை விசாரிக்காதது வரைக்கும் இரண்டு மணித்தியாலம் சண்டை போட்டோம். அவளுக்கு நல்ல தொண்டை ஐயா, எனக்குத் தெரியாமலே போயிருக்கும். சண்டை முடிந்ததும் கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு அவள் படுத்தாள். சாயந்திரம் வரை தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை.

இப்போதுதான் தலைவர் போன் பண்ணினார். திரும்பி வரும் வழியில் அளுத்கமையில் பஸ் நின்றுவிட்டதாம், சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டுமாம், செவ்வாய்க்கிழமைதான் வந்து சேருவார்களாம், தொரையிடம் நான்தான் சொல்லிச் சமாளிக்க வேண்டுமாம். நாளைக்குத்தான் மறுபடி பால் வெட்டுத் தொடங்குகிறது, பெரட்டுக்களத்தில் நான் ஒருத்தன்தான் நிற்பேன், என் வேலைக்கே ஆபத்து வரலாம். அவசரமில்லைண்ணே, நல்லா ரிப்பேர் பண்ணிட்டே வாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். பிரஷாந்தினி கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய், எங்கள் பாயையும் அப்பா அம்மா பாயையும் பிரிக்க நடுவில் கட்டியிருக்கும் பழைய சேலையை அவிழ்த்து, தோய்த்து, வெளியே கொடியில் போட்டாள். இப்போது மழை பிடித்துவிட்டது. அதை எடுக்க நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.