தம்கட்டி அண்ணாச்சியும் கயிறு பிடித்த மச்சானும்

தூத்துக்குடியில் கடலுக்கே போகாமல் ஊரில் பாதிப்பேரை மூச்சுத் திணற வைத்த ஒரே மனிதர் எங்கள் தம்கட்டி அண்ணாச்சிதான். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவருக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதன் மாடியில் நான் குடியிருந்தேன். எழுபதுகளில் எனக்கு ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை.

படம் எடுக்க வருகிறவர்களை அண்ணாச்சி வாடிக்கையாளர் என்று சொல்லமாட்டார். எல்லோரும் 'மாடல்'தான். வாசலில் ஒரு புது முகம் தெரிந்துவிட்டால் மனிதருக்குக் கால் தரையில் நிற்காது. சில்லறை மாற்ற வந்த தபால்காரரைக்கூட ஸ்டூலில் உட்காரவைத்துத் தாடையை நிமிர்த்திவிட்டார். பிறகு கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்துவார்: "ஆடப்பிடாது! தம் கட்டு!"

கட்டச் சொன்னவர் லேசில் விடச் சொல்லமாட்டார். வெளியே வந்து விளக்கை நகர்த்துவார், திரையை இழுப்பார், மறுபடி துணிக்குள் போவார். அந்த நேரத்தில் வாயே திறக்கமாட்டார். எல்லாம் கைச்சாடைதான். முகம் வேறு ஜிவுஜிவென்று சிவந்திருக்கும். கோபமாக்கும் என்று மாடல்கள் இன்னும் நடுங்குவார்கள். பெண் பார்க்க அனுப்புவதற்காக அவர் எடுத்த படங்களில் அத்தனை பெண்களும் விழி பிதுங்கி நின்றார்கள். அப்படியும் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது என்றால் அது மாப்பிள்ளைகளின் பெருந்தன்மை.

ஒருநாள் உப்பள முதலாளி ஒருவர் காலண்டருக்குப் படம் கேட்டு வந்தார். "முத்துக் குளிக்கிறவன் படம் வேணும். சிரிச்ச மொகமா இருக்கணும். சரியா வரலேன்னா சிவகாசியில வரஞ்சு வாங்கிக்கிடுதேன்."

அவர் போனதும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "தம்பி, நான் எடுத்த படமெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குள்ளயே கெடக்கு. இது ஊர் பூரா தொங்கும்லா! அதுவும் மாடல் யாரு? கடலுக்குள்ள தம் கட்டுதவன்! நான் எம்புட்டு நேரம் வெளக்க நகத்துனாலும் தாங்குவான்!"

முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்த காலம் அது. அதனால் சங்கு குளிக்கிற சூசை வந்தார். வரைந்த கடல் திரைக்கு முன்னால் தேர் மாதிரி நின்றார். ஆனால் "தம் கட்டு" என்றதும் தலையை ஆட்டிவிட்டார்.

"மச்சான் இல்லாம கட்ட மாட்டேன் அண்ணாச்சி."

"ஏலே, இது ஸ்டூடியோலே! இங்கன தண்ணி எங்க இருக்கு?"

"தண்ணியோ தரையோ, மூச்சு முட்டுனா இழுத்துப்போட கயிறு புடிக்க மச்சான் வேணும். அவன் தங்கச்சியத்தான கட்டியிருக்கேன்? அவ தாலிக்காகவாது கண்ண மூடாம பாத்துக்கிட்டு நிப்பான்."

மறுநாள் மச்சான் மிக்கேல் கயிற்றோடு வந்தார். ஒரு முனையைச் சூசையின் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணாச்சி உற்சாகத்தில் கத்தினார்: "தம் கட்டு!"

சூசை கட்டினார். முகம் கல்லாகிவிட்டது. சிரிப்பு மருந்துக்கும் இல்லை. 'சிரி, சிரி' என்று அண்ணாச்சி சாடை காட்டினார். விளக்கை அங்கே வைத்தார், இங்கே வைத்தார். ரப்பர் உருண்டையை அமுக்கினால் படம் விழும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு துணிக்குள் போனார். போனவர் வரவே இல்லை. படம் போச்சு, இனி சிவகாசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மிக்கேலின் பார்வை சூசையிடம் இல்லை. துணிக்கு வெளியே மடங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் முழங்காலில் இருந்தது.

"ஏலே, இவருல்லா முங்குதாரு!"

கயிற்றைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். அண்ணாச்சியை இடுப்போடு பிடித்துத் துணிக்குள்ளிருந்து வெளியே இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். அண்ணாச்சி 'ஹா'வென்று மூச்சை இழுத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அதைப் பார்த்துச் சூசை வாய்விட்டுச் சிரித்தார். கிடந்த கிடையிலேயே அண்ணாச்சி உருண்டையை அமுக்கிவிட்டார்.

"நீரு எதுக்குவே தம் கட்டுனீரு?" என்றார் மிக்கேல்.

"மாடல் கஷ்டப்படும்போது நான் மட்டும் சொகமா மூச்சு விட்டுக்கிட்டு நிக்கதா?"

இத்தனை நாளும் அந்த முகம் ஏன் சிவந்தது, வாய் ஏன் திறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் ஊர் பூராவும் சூசை சிரித்துக்கொண்டு தொங்கினார். ஒன்றும் வாங்காமலே அண்ணாச்சி கடை கடையாக ஏறி இறங்கினார்.

அவர் திருந்தவில்லை. புது மாடல் வந்தால் மாடியைப் பார்த்து ஒரு சத்தம் மட்டும் கூடுதலாக வரும்: "மச்சான், எறங்கி வாரும்!" கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்பில், மறுமுனை என் கையில். எனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. ஆனாலும் அந்தக் கயிற்றை ஒருநாளும் நான் தளரவிட்டதில்லை.