செத்தவர் கையெழுத்து செல்லாது

"ஐயா, நீங்க செத்துப்போய் பதினாலு மாசம் ஆகுது" என்றாள் உள்துறை அலுவலகத்தின் நாலாம் கவுண்டர் லிண்டெல்வா.

மொடிசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேறு யாரையாவது சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் பிலோமென் மட்டும்தான், தோளில் ஒரு பெரிய பையோடு நின்றாள். அவள் பார்வைக்குச் செத்தவள் மாதிரி இல்லை.

பிலோமென் காங்கோக்காரி. யோவில் என்னும் பேட்டையின் கடைத்தெருவில் தலைமுடி பின்னும் கடை வைத்திருக்கிறாள். பதினேழு வருடமாக ஜோஹன்னஸ்பர்க்கில் அகதி பெர்மிட்டில் வாழ்கிறாள். அந்த பெர்மிட் இன்றோடு முடிகிறது. மூன்று மணிக்குக் கவுண்டரை மூடுவதற்குள் புதுப்பிக்காவிட்டால், மகள் கிரேஸுக்கு நர்சிங் கல்லூரியில் கிடைத்திருக்கும் இடம் நாளைக் காலையில் வேறொருத்திக்குப் போய்விடும். முந்தாநாள் அவள் மொடிசேயின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னது அதுதான்.

மொடிசே வக்கீல் இல்லை, சட்ட உதவியாளர். சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு பீரோ, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பிழைக்க வந்தவர்களுக்கு மனு எழுதி, அவர்களுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவது அவருடைய இருபத்திரண்டு வருட உத்தியோகம். வக்கீல்களே தன்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள் என்று அவர் சொல்வதுண்டு. வந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் மனுஷன் தங்கமானவர், யாருடைய கண்ணீரையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். தன் ஃபாரத்தில் ஒரு கட்டம்கூடத் தப்பாகப் போனதில்லை என்பது மட்டும் அவருக்குக் கொஞ்சம் தலைக்கேறிய விஷயம்.

கண்ணில் புரை விழுந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எதையும் மூக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்துத்தான் படிப்பார். பிலோமெனின் பெர்மிட்டையும் அப்படித்தான் படித்தார். எட்டாக மடித்து மடித்து நைந்துபோன காகிதம். நாளும் மாதமும் சரியாக இன்றைய தேதி. வருடத்தின் மேல் மடிப்பு விழுந்து வெளுத்துக் கிடந்தது. அரசாங்கக் காகிதத்தை மடிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது என்று அரைமணி நேரம் அவளைத் திட்டினார். பிறகு, கவலைப்படாதே, நானே நேரில் வருகிறேன் என்றார்.

நேரில் வருவது அவருக்குப் புதிது. போன மாதம் வரை மனுவில் கையெழுத்துப் போட்டு, மனுதாரர் கையில் கொடுத்தனுப்பினால் போதும். இப்போது புது விதி. பிரதிநிதி நேரில் வரவேண்டும், முதலில் அவருடைய அடையாள எண்ணைத்தான் கம்ப்யூட்டரில் தட்டவேண்டும். லிண்டெல்வா அதைத்தான் தட்டினாள்.

"நான் உன் முன்னாடி நிக்கறேன்மா" என்றார் மொடிசே.

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

மணி ஒன்பதே முக்கால். மொடிசேக்கு ரோஷம் வந்துவிட்டது. வாயால் சொன்னால் ஆயிற்றா, விதிப்படி எழுத்தில் கொடு என்றார். எழுத்தில் வாங்கிவிட்டால் அரசாங்கத்தை மடக்கிவிடலாம் என்பது அவருடைய தொழில் ரகசியம். லிண்டெல்வா மறுபேச்சில்லாமல் அச்செடுத்தாள், முத்திரை குத்தினாள், கொடுத்தாள். கொடுத்த கையோடு கவுண்டர் மேல் இருந்த அவருடைய பழைய பச்சை அடையாளப் புத்தகத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"ஏம்மா, அதை எதுக்கு எடுத்துக்கறே?"

"இறந்தவங்க புத்தகம் வெளிய இருக்கக்கூடாதுங்கய்யா. விதிப்படி கேட்டீங்களே."

அந்த விதி மொடிசேக்கு மனப்பாடம். எத்தனையோ விதவைகளுக்கு அவரே அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

செத்தவர் கையெழுத்து செல்லாது, அதனால் பிலோமெனின் மனுவை எடுக்க முடியாது, மாடியில் திருத்தப் பிரிவில் போய்ச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று லிண்டெல்வா தன்மையாகத்தான் சொன்னாள். பிலோமென் பையிலிருந்து எண்ணெயில் பொரித்த மக்வின்யா உருண்டை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். இன்றைக்கு நேரமாகும் போலிருக்கிறது, சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள் என்றாள்.

மாடியில் வரிசை நீளம். மொடிசே ஊருக்கெல்லாம் வரிசையில் நிற்கச் சொல்லிக்கொடுத்தவரே ஒழிய, தான் நின்றவர் இல்லை. ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சீட்டு, 'எண் ஏற்கப்படவில்லை' என்று இரண்டு தடவை திரும்பி வந்தது. உள்துறை அலுவலகத்தில் போய் என்னவென்று கேளுங்கள் என்று அவர் மனைவி மோசிடி ஒரு வருடமாகத் தலைபாடாக அடித்துக்கொள்கிறாள். அடுத்தவர் காகிதத்துக்கே நேரம் போதவில்லை, என் காகிதத்துக்கு என்ன அவசரம் என்று சீட்டை பீரோவில் போட்டு வைத்துவிட்டார். இன்றைக்குப் பிலோமெனுக்காக நிற்கிறார். கால் கடுத்தது.

திருத்தப் பிரிவில் ஃபூரி என்கிற ஒல்லியான அதிகாரி. காப்பியில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டே, மொடிசே நீட்டிய தாளை வாங்கிப் படித்தார். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"பாவம். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"நான்தாங்க அது."

ஃபூரி ரஸ்க்கைக் கீழே வைத்தார். அடையாளப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார். கீழே பூட்டிவிட்டார்கள் என்றார் மொடிசே. அப்படியானால் நீங்கள் நீங்கள்தான் என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார் ஃபூரி. இந்தக் கேள்விக்குத் தன் மனுதாரர்களுக்காக மொடிசே ஆயிரம் பதில் எழுதியிருக்கிறார். தனக்கென்று ஒன்றுகூட வாயில் வரவில்லை.

வராததைச் சமாளிக்கத்தான் அவர் அந்த வார்த்தையை விட்டார். எந்த மடையன் என் சாவைப் பதிவு செய்தான், அந்த ஃபாரத்தை எடுங்கள், அவன் வேலைக்கு நான் உலை வைக்கிறேன் என்றார். பிலோமென் அவர் முழங்கையை லேசாகத் தொட்டாள். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

ஃபூரி பொறுமையாகப் போய்ப் பதிவறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அடியில் சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப். மொடிசே அதை மூக்கருகே கொண்டுபோனார், அப்படியே வைத்திருந்தார். முகம் வெளியே வரவில்லை.

"உங்க சாவை நீங்களேதான் எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார் ஃபூரி.

போன வருடம் மலாவி தையல்காரர் கலுவா காலமானபோது, அவர் சம்சாரத்துக்காக மொடிசே எழுதிய ஃபாரம் அது. 'இறந்தவர் எண்' என்ற கட்டத்தில் தன் எண்ணையும், 'தகவல் கொடுப்பவர் எண்' என்ற கட்டத்தில் கலுவாவின் எண்ணையும் எழுதியிருந்தார். இரண்டு கட்டமும் அடுத்தடுத்து. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாக் கட்டமும் ஒன்றுதான். ஆக, அரசாங்கக் கணக்கில் மண்ணுக்குள் இருக்கும் கலுவா சௌக்கியமாக இருக்கிறார். அவர் வந்து மொடிசேயின் சாவை அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மொடிசே ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். தவறு என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். அவர் வாழ்நாளில் சொல்லாத வாக்கியம் அது, சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. ஃபூரி தலையை ஆட்டினார். செத்தவர் எழுதிய கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வழியில்லை. அதோடு விட்டாரா? உங்கள் கையெழுத்து என்றதும்தான் ஞாபகம் வருகிறது என்று கம்ப்யூட்டரில் தேடினார்.

"செத்ததுக்கு அப்புறம் முப்பத்தோரு மனுவில கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எல்லாத்தையும் நிறுத்தி வைக்கணும்."

மொடிசே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தோரு குடும்பம். ஒவ்வொருவர் முகமும் அவருக்குத் தெரியும். எத்தியோப்பியக் கடைக்காரன், ருவாண்டாவிலிருந்து வந்த அந்த இரட்டைக் குழந்தைக்காரி, எல்லோரும் ஐயா பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள். இங்கே பிலோமென் வேறு நிற்கிறாள். மணி பன்னிரண்டரை. பேச வந்த இடத்திலெல்லாம் வாயால் கெடுத்தது போதும் என்று அவருக்கே தோன்றியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"எங்க ஐயாவுக்குப் பதிலா வேற யாராவது பேசலாமா சார்?" என்று கேட்டாள் பிலோமென்.

அதற்கு இடமுண்டு என்றார் ஃபூரி. ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தி, செல்லுபடியான அடையாள அட்டையோ பெர்மிட்டோ வைத்திருக்கும் யாரும் பிரதிநிதியாகக் கையெழுத்துப் போடலாம். பிலோமென் தன் பெர்மிட்டை எடுத்து நீட்டினாள். ஃபூரி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, செல்லும் என்று குறித்துக்கொண்டார்.

"மூணு மணி வரைக்கும் செல்லும்" என்று முனகினார் மொடிசே.

"நீங்க பேசாதீங்கண்ணே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சிரிக்காதீங்க, பெருமூச்சு விடாதீங்க" என்றாள் பிலோமென்.

அவர் மனுதாரர்களுக்குச் சொல்லும் பாடம் அது, எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்தது. மொடிசே கையைக் கட்டிக்கொண்டார்.

பிறகு நடந்ததைப் பார்த்து அவர் அசந்துபோனார். இரண்டு புகைப்படம் வேண்டும் என்றார் ஃபூரி. பிலோமென் பைக்குள் கைவிட்டு மொடிசேயின் படம் இரண்டு எடுத்தாள். சர்ச் பாடகர் குழு அட்டைக்கு எடுத்ததில் மிச்சமாம். இவருடைய ஞானஸ்நானச் சான்று உண்டா என்று கேட்டார். அதுவும் பையில் இருந்தது. ஏதோ சர்ச் வேலையாக வாங்கிவைத்தது என்றாள். வெற்றுப் பிரமாணப் பத்திரம், கைரேகை மை துடைக்கத் துணி, ஒரு பசைக்குப்பி எல்லாம் வரிசையாக வந்தன. முடி பின்னுகிற பெண்ணின் பையில் என்னதான் இருக்காது என்று மொடிசே நினைத்துக்கொண்டார். இவளுக்கு நாம் இத்தனை வருடம் பாடம் எடுத்தது வீண்போகவில்லை என்ற பெருமையும் பக்கத்திலேயே எட்டிப் பார்த்தது.

கடைசியாக, இவர் உயிரோடிருப்பதை நெருங்கிய உறவினர் ஒருவர் நேரில் சொல்லவேண்டும் என்றார் ஃபூரி. வீடு இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், இரண்டு ஷேர் டாக்ஸி மாறவேண்டும். பிலோமென் போன் செய்தாள். பத்தாவது நிமிடம் மோசிடி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் பளபளக்கும் செருப்புமாக உள்ளே வந்து நின்றாள். பக்கத்துத் தெருவில் காய் வாங்க வந்தாளாம். கையில் ஒரு தக்காளிகூட இல்லை. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் என்பதால் மொடிசே ஒன்றும் கேட்கவில்லை.

"இவர் உங்க கணவர்தானா? உயிரோட இருக்காரா?" என்றார் ஃபூரி.

மோசிடி கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாம உயிரோட இருக்கார் சார். நான் எதாவது சொன்னாத்தான் காதுல விழாது."

ஃபூரி முதல் தடவையாகச் சிரித்தார். பிரமாணப் பத்திரத்தில் மூன்று இடத்தில் முத்திரை விழுந்தது. மொடிசே உயிரோடு வந்தார், கலுவா ஒருவழியாகக் கண்ணை மூடினார், முப்பத்தோரு மனுவும் நிறுத்தத்திலிருந்து விடுபட்டன. இந்த எண்ணை இனி ஆஸ்பத்திரி ஏற்குமா என்று மோசிடி கேட்டாள். திங்கட்கிழமையே ஏற்கும், கண்ணைச் சீக்கிரம் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தது என்னை எழுதிவிடுவார் என்றார் ஃபூரி.

மணி இரண்டு ஐம்பது. மொடிசே படியில் இரண்டிரண்டாக இறங்கினார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது நல்ல வேகம். உயிர் திரும்பியதும் குரலும் திரும்பிவிட்டது. ஓடிக்கொண்டே, கவலைப்படாதே பிலோமென், கிரேஸ் நாளைக்குக் கல்லூரியில் இருப்பாள், அதற்கு நான் பொறுப்பு என்றார். பிலோமென் மெதுவாகவே வந்தாள். அண்ணே, பார்த்து இறங்குங்க, கண்ணு தெரியாது என்றாள்.

நாலாம் கவுண்டரில் லிண்டெல்வா பச்சைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவருடைய எண்ணைத் தட்டினாள், கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. மொடிசே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், தொண்டையைக் கனைத்தார். நைந்த பெர்மிட்டை இரண்டு கையாலும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். இது ஒரு தாயின் வாழ்க்கைப் பிரச்சினை, இன்றைக்குப் பெர்மிட் முடியும் நிலையில் ஒரு நிமிடத் தாமதமும் ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் குலைத்துவிடும், என் கட்சிக்காரர் சார்பில் பணிவோடும் அழுத்தமாகவும் கேட்டுக்கொள்கிறேன் என்று முழங்கினார். வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

லிண்டெல்வா மடிப்பை நீவிவிட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு, பின்னால் மோசிடியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிலோமெனைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பெர்மிட் முடிய இன்னும் முழுசா ரெண்டு வருஷம் இருக்கே. இன்னிக்கு எதுக்கு இவரைக் கூட்டிட்டு வந்தீங்க?"