பரண் பாஸும் ஒரு பால்மா டின்னும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை எந்த வீடு கைமாறினாலும், அதில் முதலில் குடியிருந்தவர் பரண் பாஸ்தான். காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுக்கே இரண்டாம் இடம். எங்கள் பக்கத்தில் தச்சரும் மேசனும் பாஸ்தான். இவர் கூரை வேலை செய்து, முழங்கால் பழுதாகி ஓய்ந்த பாஸ். நிலத்தில் நொண்டுவார். ஏணியில் கால் வைத்துவிட்டால் குரங்கும் தோற்கும். சொந்தப் பெயர் என்னவென்று ஒருமுறை கேட்டேன்.

"பெயர் என்னத்துக்கு மாஸ்டர்? ஏணி ஈக்கா, இல்லையா?" என்றார்.

வீடு வாங்குகிறவர்கள் சோதித்துச் சொல்ல அவரைக் கூட்டிப்போவார்கள். அவர்கள் சுவரையும் கிணற்றையும் பார்ப்பார்கள். அவர் சுவரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். "சுவருக்குப் பெயின்ட் அடிச்சி ஏமாத்தலாம். பரணுக்கு எவன் பெயின்ட் அடிக்கிற?" என்று கேட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, சீலிங்கில் இருக்கிற சதுர ஓட்டைக்குள் மறைந்துவிடுவார். கையில் டோச் லைட், கக்கத்தில் ஒரு தலையணை, பல்லில் கடித்தபடி சோற்றுப் பார்சல். சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு தூக்கம் போடுவார். கெட்ட பரணில் அவருக்குத் தூக்கம் வராதாம். அவர் இறங்கும்வரைக்கும் கீழே யாரும் மூச்சு விடக்கூடாது.

நாங்கள் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். முப்பது வருசத்தில் ஏழு வாடகை வீடு. ஏழு வீட்டுக்காரரும் சாவி தரும்போது சொல்லிவைத்ததுபோல ஒரே வசனம்தான் சொன்னார்கள்: "சுவரில ஆணி மட்டும் அடிக்க வேண்டாம்." என் மனைவி புஷ்பத்தின் அப்பாவுடைய படம் முப்பது வருசமாய்ப் பெட்டிக்குள் கிடந்தது. கடைசி வீட்டுக்காரர் மகளுக்குக் கலியாணம் பேசி, மாரி மழைக்கு முதல் வீட்டை விடச் சொன்னார். புஷ்பம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இனி வாடகை வீடெண்டால் நீங்க தனியப் போங்கோ. எனக்கு ஆணி அடிக்க ஒரு சுவர் வேணும்."

பாஸைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் பார்த்தது ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபரின் வீடு. ஒரு சொட்டு ஒழுகாது என்று நெஞ்சில் அடித்துச் சொன்னார். பாஸ் மேலே போய், ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு பால்மா டின்களைக் கீழே இறக்கினார்.

"அது பூனைக்குப் பால் வைக்கிறது" என்றார் தபாலதிபர்.

"பதினொரு பூனையா? எல்லாம் ஒழுகிற எடத்திலதான் பால் குடிக்குமோ?"

அந்த வீடு போயிற்று.

இரண்டாவது வீடு தலவில அன்னம்மா கோயில் பக்கம். வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள், எங்களையும் சாப்பிட இருத்தினார்கள். மீன் குழம்பு வந்த நேரம் சீலிங் பிளந்து இரண்டு கால்கள் இறங்கின. "அன்னம்மா தாயே!" என்று வீட்டுக்காரி கதிரையோடு பின்னால் சாய்ந்தாள். சட்டிக்கு ஒரு முழம் மேலே பாஸின் கால்கள் ஆடின. நான் பாய்ந்து பிடித்தேன்.

"காலத் தொடாதீங்க மாஸ்டர்! இன்னும் வடக்குப் பக்கம் பாக்கல்ல!"

அந்த வீடும் போயிற்று. புஷ்பம் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாவது வீடு பள்ளிவாசல்துறைக்குப் போகிற வழியில். சின்ன வீடு, பழைய ஓடு. குசினி யன்னலைத் திறந்தால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். உள்ளே கால் வைத்ததும் புஷ்பத்துக்கு முகம் மாறிவிட்டது. மேலே பாஸ் இருக்கிறார், கதைக்கக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோய், சுவரைத் தடவித் தடவிச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, அப்பான்ர படத்துக்கு இந்த இடம். காலமை வெயில் முகத்தில விழும். என்ன?"

நான் சீலிங்கை அண்ணாந்து பார்த்தேன். இதையும் பாஸ் வேண்டாமென்றால் இந்த மனுசியை எப்படித் தேற்றுவது?

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ் இறங்கிவிட்டார். பார்சல் பிரிக்கவில்லை, தலையணையில் தூசி இல்லை.

"மாஷா அல்லாஹ். நல்ல ஊடு. வாங்குங்க."

பிறகு சட்டைப் பையைத் துழாவி ஒரு பித்தளை ஆணியை எடுத்து புஷ்பத்திடம் நீட்டினார். "இத அடிங்க தங்கச்சி. இங்க உப்புக்காத்து, இரும்பாணி நிக்காது."

வாங்கினோம், குடிபோனோம், படம் ஏறியது. ஆனால் பாஸ் வருவதை நிறுத்தவில்லை. நான் பள்ளிக்கூடம் போனதும் வந்து, "மிச்சம் பாக்கணும்" என்று மேலே ஏறிவிடுவாராம். ஒரே தட்டுச் சத்தமாம்.

"வாங்கின வீட்டில இன்னும் என்ன பாக்கிறது? மனுசனுக்கு விசர்!" என்று நான் கத்தினேன். அவருக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்புவதாகப் புஷ்பம் சொன்னாள்.

மாரி தொடங்கிய அன்று மத்தியானம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கீழே ஒரு சொட்டு இல்லை. மேலே மட்டும் 'ணங், ணங்' என்று ஒரு சத்தம். ஏணி வைத்து முதல் தடவையாக என் வீட்டுப் பரணில் தலையை நீட்டினேன். ஓடு தாங்குகிற மரங்களில் நாலு புதிதாக மாற்றப்பட்டிருந்தன. கறையான் அரித்த பழைய நாலும் மூலையில் அடுக்கிக் கிடந்தன. நடுவில், வெடித்த ஓடொன்றுக்குக் கீழே ஒரேயொரு பால்மா டின். பக்கத்து மரத்தில் சோக்குக் கட்டியால் எழுதியிருந்தது: "இதே அச்சில ஓடு இன்னும் கெடைக்கல்ல. டின்ன எடுக்க வேணாம்."

மழை விட்டதும் பாஸின் வீட்டுக்கு ஓடினேன். விறாந்தைக் கூரையில் ஓடும் இல்லை, மரமும் இல்லை. புதுத் தென்னோலைக் கிடுகு போட்டிருந்தார். மரம் எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவேண்டி இருக்கவில்லை.

"முதலே சொல்லியிருக்கலாமே, பாஸ்?"

"செல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா? தங்கச்சி ஆணிக்கு எடம் பாத்திட்டா. பொறகு நான் என்னத்தச் செல்ற?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கைய உடுங்க மாஸ்டர், பிளேன்டீ ஆறுது" என்றார்.

இன்றைக்கும் மழை பெய்தால் மறுநாள் வந்துவிடுவார். நொண்டி நொண்டி வந்து, மேலே ஏறி, டின்னை ஊற்றிவிட்டு, சாப்பிட்டு, எங்கள் பரணில் ஒரு நல்ல தூக்கம் போட்டுத்தான் போவார். அவர் குறட்டைக்குக் கீழே நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் நடமாடுவோம்.

அந்த அச்சு ஓடு போன வருசமே சிலாபத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது. புஷ்பம் அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாள். பாஸுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.