கழிப்பறையில் கண்டெடுக்கப்பட்ட மேற்படி பொருள்

மனிதகுலம் கண்டுபிடித்த பாதுகாப்புக் கருவிகளில் ஈடிணையற்றது, கண்ணாடிக் கதவில் ஒட்டும் ஸ்டிக்கர். ஓக்லஹோமாவில், டல்சாவுக்குத் தெற்கே இருந்த 'ரெட்பட் பிளெய்ன்ஸ்' காப்பீட்டு நிறுவனத்தின் கிளை இதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தது. கதவில் ஒரு கைத்துப்பாக்கிப் படம், அதன் மேல் சிவப்புக் கோடு, கீழே 'இவ்வளாகம் ஆயுதமற்றது'. ஒட்டிய நாள் முதல் அங்கே ஒரு துப்பாக்கிகூட யார் கண்ணிலும் படவில்லை. தலைமையகம் கேடயம் கொடுத்துக் கௌரவித்தது.

கண்ணில் படாமலிருக்க ஊழியர்கள் பட்ட பாடு கேடயத்தில் பொறிக்கப்படவில்லை. ஆகஸ்ட் வெயிலில் ஏ.சி. படுத்துவிட்டபோது ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. தொப்பலாக நனைந்தபடி, புழுக்கமே தெரியவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறந்தநாள் வாழ்த்துக்குக் கட்டிப்பிடிப்பவர்கள் இடுப்பு படாமல் கூடாரம்போல் சாய்ந்து, தோளோடு தோள் மட்டும் தொட்டுப் பிரிந்தார்கள். கீழே விழுந்த பேனாவை யாரும் குனிந்து எடுப்பதில்லை. தரையெல்லாம் பேனா. தலைமையகம் இதைப் 'பண்பட்ட பணிச்சூழல்' என்று குறிப்பிட்டது.

கோல்பி ரட்லெட்ஜ் இந்தப் பண்பாட்டில் ஊறியவன். ஆலங்கட்டி மழையில் உடைந்த கூரைகளுக்கு இழப்பீடு ஏன் கிடையாது என்று விளக்கிக் கடிதம் எழுதும் பிரிவில் இருந்தான். மனைவிக்கு நிறைமாதம். பிரசவச் செலவு முழுவதும் அலுவலகக் காப்பீட்டின் தலையில். வேலை போனால் காப்பீடும் போகும்.

அவன் செய்த பிழை, துப்பாக்கி வைத்திருப்பவர் மட்டுமே செய்யக்கூடியது. கால்சட்டையை இறக்குகிற மனிதன் இடுப்புத் துப்பாக்கியை எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும். கோல்பி அதைக் கழிப்பறைச் சுவரிலிருந்த காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைப்பான். அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவியிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே கை கழுவினான், பேசிக்கொண்டே இருக்கைக்கு வந்தான். இடுப்பு லேசாக இருப்பது உறைத்து ஓடிப் பார்த்தபோது பெட்டியின் மேல் ஒன்றுமில்லை.

ஆண், பெண் எல்லோருக்கும் இருந்தது அந்த ஒரே கழிப்பறை. அவனுக்கு அடுத்து உள்ளே போனவள் வரவேற்பு மேசையில் இருக்கும் நேடீன் பக். அந்த அலுவலகத்தில் கதவு ஸ்டிக்கரைப் படித்துவிட்டு அதன்படி நடந்த ஒரே ஆள் அவள். அதனால்தான் கண்டெடுத்ததைக் கைதுடைக்கும் காகிதத்தில் சுற்றி, மனிதவள மேலாளர் மார்லா ஸ்டிட்ஸிடம் நேரே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவசரக் கூட்டம் கூடியது. மேசை நடுவே பொருள். அதன் மேல் யாரோ கேக் கொண்டுவந்த பெட்டியின் மூடி.

"நம்ம கழிப்பறைல ஒரு பொருள் கிடைச்சிருக்கு," என்றாள் மார்லா. "என்ன பொருள்னு நான் சொல்லப்போறதில்ல. சொன்னா, அது இங்க இருந்த மாதிரி ஆயிடும்."

சொல்லி முடிப்பதற்குள் கைகள் நகர்ந்தன. சிலருடையது இடுப்புக்கு, சிலருடையது கைப்பைக்கு, ஒருவருடையது பூட்ஸுக்குள். மார்லாவின் கை கோட்டுக்குள் போய் வந்தது. தத்தம் உடைமை தத்தம் இடத்தில் இருக்கக் கண்டு கூட்டமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. கோல்பியின் கையும் போனது. துப்பாக்கியில்லாத வெறும் உறையைத் தொட்டது. அவன் எல்லோரையும்விடச் சத்தமாகப் பெருமூச்சு விட்டான்.

நேடீனின் கை மட்டும் காப்பிக் கோப்பையிலேயே இருந்தது.

முப்பது வருடமாகப் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவந்த ஹாய்ட் கிம்ப்ரெல், விஷயம் தெளிவாகிவிட்டது என்று அறிவித்தார். எல்லோரும் தேடிப் பார்த்துக்கொண்டார்கள், நேடீன் மட்டும் பார்க்கவில்லை. இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றார்.

"எங்கிட்ட ஏதாவது இருந்தாத்தானே பாக்கறதுக்கு?" என்றாள் நேடீன்.

"அதத்தான் நாங்களும் சொல்றோம்," என்றாள் மார்லா கனிவாக. "உங்கிட்ட இல்ல. ஏன்னா அது இங்க இருக்கு."

"கொண்டுவந்து குடுத்ததே நான்தானேம்மா."

"அந்த நேர்மையும் உன் கோப்புல ஏறும்."

நேடீன் மெல்லத் திரும்பினாள். "கோல்பி கண்ணு, எனக்கு முன்னாடி நீதானே உள்ள இருந்த?"

கோல்பி பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்துக்கொண்டான். அயோக்கியத்தனம் செய்யும்போது நினைத்துக்கொள்ள அதைவிடப் புனிதமான விஷயம் கிடையாது. "கை கழுவத்தான் போனேன், மேடம்," என்றான்.

அவனைக் கோட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவன் கோட்டைத் தூக்கினால் மற்றவர்களும் தூக்க வேண்டிவரும். தனிமனித சுதந்திரத்தை மதிப்பதென்று அவை ஒருமனதாக முடிவெடுத்தது. ஆயுதத் தடை விதியை மீறியதற்காக நேடீன் அந்தக் கணமே நீக்கப்பட்டாள்.

நீக்கப்படுபவரின் உடைமைகள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. விதி விஷயத்தில் அந்தக் கிளை அணுவளவும் பிசகாது. அட்டைப்பெட்டியில் அவளது கள்ளிச்செடி, கோப்பை, ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் மேற்படி பொருள்.

பெண்பிள்ளை பாரம் தூக்க ஓக்லஹோமாவில் பிறந்த எந்த ஆணும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். கோல்பி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கி அவளுடைய பிக்கப் வண்டியில் வைத்தான். கையை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

"உன்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லு," என்றாள் நேடீன். "எடுத்துக்கோ."

திரும்பிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் மார்லா, சரியாக அந்த ஸ்டிக்கருக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது இல்ல, மேடம்."

"அப்ப என்னோடதுதான் போல." வண்டியைக் கிளப்பினாள். "இத்தன வருஷமா ஒண்ணுகூட இல்லாமத்தான் உங்க நடுவுல உக்காந்திருந்தேன். தொரத்தும்போதாவது குடுத்தனுப்புறீங்களே."

மறுநாள் தலைமையகத்திலிருந்து இரண்டு வந்தன. ஒன்று, விதியை உறுதியாக அமல்படுத்தியதற்காக இன்னொரு கேடயம். மற்றது சுற்றறிக்கை: 'பணிநீக்கம் செய்யப்பட்ட ஊழியர் ஒருவர் ஆயுதத்துடன் வெளியே இருக்கிறார். எச்சரிக்கை.'

கதவை உள்பக்கம் பூட்டினார்கள். ஒவ்வொரு கையும் கோட்டுக்குள் போய் அங்கேயே தங்கியது. கோல்பியின் கை வெறும் உறையைப் பற்றிக்கொண்டது. ஸ்டிக்கரின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தபடி, அதற்குக் கீழ்ப்படிந்த ஒரே ஆள் வந்து தங்களைச் சுட்டுவிடுவாளோ என்று அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.