சித்தப்பாவின் வயல்கதவும் எங்கள் பனித்தடமும்

வடக்கு மினசோட்டா,
பிப்ரவரி 9

மரியாதைக்குரிய சித்தப்பா ஊர்ஹோ அவர்களுக்கு, பனிவண்டி (ஸ்னோமொபைல்) சங்கத்தின் தடப் பொறுப்பாளனும் உங்கள் அண்ணன் மகனுமான டேரில் வணக்கத்துடன் எழுதுவது. முதுகைத் தவிர மற்றதெல்லாம் நலம். சித்தியின் இருமலும் உங்கள் மாடுகளும் தேவலை என்று நம்புகிறேன்.

நேற்று, "என் மாட்டுத் தீவனம், அந்தக் குதிரைமசால் மேல எத்தனை வண்டிடா ஓடியிருக்கு? சனிக்கிழமை கதவுக்குச் சங்கிலி போடுறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். பனியை அமுக்கினால் அடியில் குளிர் இறங்கி வேர் செத்துப்போகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் வயல்வழி அடைபட்டால் நாற்பது மைல் தடம் இரண்டாக அறுந்துவிடும், ஒருவனும் நம் ஊருக்கு வரமாட்டான். காகித ஆலை மூடியபின் குளிர்காலத்தில் இங்கே அடுப்பெரிவதே வண்டிக்காரர்களால்தான். உணவகம் நடத்தும் மார்லா என்னைப் பார்த்தும் காப்பி ஊற்றவில்லை. "உங்க சித்தப்பா கதவைச் சாத்தினா நானும் கடையைச் சாத்த வேண்டியதுதான். நீயே போய்ச் சொல்லு" என்றாள்.

சங்கத்தில் தொண்ணூறு பேர். ரம்பம் எடுக்க ஆறு பேர், அதில் இருவருக்கு இடுப்புவலி. இந்த மாதம் சாய்ந்த மரங்களை அறுத்தோம், பாலத்துக்குப் பலகை அடித்தோம், தடத்தைச் சமன்செய்யும் வண்டி சதுப்பில் இறங்கி, அதை இழுக்கப்போன டிராக்டரும் இறங்கி, அந்த டிராக்டரை இழுக்க இன்னொரு டிராக்டருக்கு அலைந்து, பாதுகாப்பு வகுப்பு வைத்தால் நாலு பேர் வந்து, அதில் ஒருவர் குறட்டை விட்டு, 'மெதுவாக ஓட்டவும்' பலகையை எவனோ கழற்றி ஏரிக்கரை பங்களாவில் அழகுக்கு மாட்டியிருக்கிறான். நம் வீட்டு விலைக்கு வண்டி வாங்கும் நகரத்து மினியாபொலிஸ்காரனுக்கு ஒரு சுத்தியல் பிடிக்கக் கை வராது. தடத்தை விட்டு இறங்கி ஓட்ட மட்டும் அடுத்தவன் வயல் அவனுக்கு விளையாட்டு மைதானம். நான் இன்னும் நேரில் வந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, அவர்களை எனக்குத் தெரியாதா?

ஆகவே சித்தப்பா, கதவைத் திறந்தே வையுங்கள். அயோக்கியர்களைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

உங்கள் பண்ணையும் சித்தியின் சமையலறையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
டேரில் லாம்பினென்

பி.கு.: உறையை ஒட்டும்போது, சமன்வண்டி ஓட்டும் ஆர்விட் வந்தான். "டேய், உங்க சித்தப்பா இந்த வருஷம் மக்காச்சோளத்தை இடம் மாத்திப் போட்டாருல்ல? நீ போன வருஷக் கோட்டுலயே தடத்துக்குக் குச்சி நட்டுவச்சிருக்க" என்றான். ஆகஸ்டில் சௌனா வெந்நீராவி அறையில் வியர்த்துக்கொண்டே நீங்கள் அதைச் சொன்னதும், நான் தலையாட்டியதும் இப்போது நினைவுக்கு வருகிறது. பனி மூடினால் எல்லா வயலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அறுத்த சோளத்தாள் மேல் போகவேண்டிய தடம் உங்கள் குதிரைமசால் மேல் போகிறது. ஆர்விட் மூன்று முறை அதை அழகாக அமுக்கியும் இருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை குச்சிகளைப் பிடுங்க வருகிறேன். சங்கிலி உங்கள் இஷ்டம். மினியாபொலிஸ்காரர்களை மட்டும் திட்டாதீர்கள். ஒருத்தன்கூடக் குச்சியைத் தாண்டவில்லை.