தவில் பூனையின் உயரம்

நான் உடைத்த பொருட்களின் பட்டியல் நீளமானது. அதில் ஒன்றுதான் வக்கீல் வரைக்கும் போனது.

என் மனைவி அமுதா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறாள். நான் நாளிதழ் நிருபர். அப்போது நீதிமன்றச் செய்திகள் என் பொறுப்பு. கோர்ட் வராந்தாவில் பத்து வருடம் நின்றால் பாதி வக்கீல் ஆகிவிடலாம் என்று நம்பியிருந்தேன். (மீதிப் பாதிதான் முக்கியம் என்பது பிறகு தெரிந்தது.)

அமுதா தன் கையால் வடித்தவற்றில் ஒரு பூனை உண்டு. கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்துத் தவில் வாசிக்கும். முப்பத்தாறு செய்தாள். அச்சு தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டாள். முதல் பூனையை மட்டும் விற்காமல், அடுத்த கொலுவுக்குப் புது அச்சு எடுப்பதற்காக ஷோகேஸின் மேல்தட்டில் வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மகளையும் கூட்டிக்கொண்டு கம்மாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பூனையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி அவளை அசத்த நினைத்தேன். படம் எடுப்பதற்காக அதை ஜன்னல் கட்டையில் வைத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. கட்டை சரிவாக இருந்தது. மூன்று துண்டு: தலை, தவில், மற்றவை.

துண்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சாலையோரத்தில் பொம்மை பரப்பியிருந்தவரிடம் அதே பூனை இருந்தது! வாங்கிவந்து மேல்தட்டில் வைத்தேன். மற்ற முப்பத்தைந்தும் விற்றுத் தீர்ந்த பிறகு இந்தப் பூனை இங்கே எப்படி வந்தது என்ற கேள்வி ஒரு நிருபருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சாயங்காலம் அமுதா அண்ணாந்து பார்த்தாள். "என்னாங்க, பூனை எளச்ச மாதிரி இருக்குது?"

"வெயில் காலம்" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்து, அடுத்த தெருவில் சூளை வைத்திருக்கும் சேகர், பெட்டி பெட்டியாகத் தவில் பூனைகளை வேனில் ஏற்றுவதை அமுதா பார்த்தாள். கேட்டதற்கு, "பூனை என்னாக்கா, உங்க வூட்ல மட்டுந்தான் வளருதா?" என்றாராம்.

வக்கீலிடம் போனோம். வடித்தவருக்குத்தான் உரிமை, ஆனால் வடித்தது அமுதாதான் என்று காட்ட வேண்டும் என்றார். வரைந்த தாள் இருக்கிறதா? இல்லை. படம்? இல்லை. (படம் எடுக்கப் போனவன் கதை உங்களுக்குத் தெரியும்.)

"மொத பொம்மை இருக்குது சார்" என்றாள் அமுதா.

"போதும்மா. கோர்ட்டுன்னா வருசக்கணக்குல இழுக்கும். மொதல்ல உங்க சங்கத்துல வச்சுப் பேசுங்க."

அங்கேயே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூனைக்குப் பூனை என்ன வித்தியாசம் என்று சும்மா இருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அமுதா சொன்னாள்: "இதுல தோத்தா, என் பூனையை நானே செஞ்சாலும் திருட்டும்பாங்க."

பீங்கான்காரர் சங்கச் செயலாளர் கொளஞ்சி முன்னால் எங்கள் பூனையும் சேகரின் பூனையும் மேசையில் உட்கார்ந்தன. நான் எழுந்து, படைப்பாளியின் தார்மீக உரிமை பற்றித் தயாரித்து வந்த உரையைத் தொடங்கினேன்.

"ரிப்போர்ட்டர் சார், செத்த ஒக்காருங்க" என்றார் கொளஞ்சி. "சேகரு, அந்த ஸ்கேல எடு."

பீங்கான்காரர்களுக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். வெந்த பொம்மையிலிருந்து அச்சு எடுத்து இன்னொன்று செய்தால், அதுவும் சுருங்கும். ஆகவே அசல் பெரியது, நகல் சிறியது. பத்து வருடமாக அந்த ஊரில் சாட்சியங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது.

சேகரின் பூனை ஏழேகால் அங்குலம். நாங்கள் கொண்டுபோனது ஆறரை.

"அண்ணே!" சேகர் துள்ளி எழுந்தார். "இப்ப சொல்லுங்க, எது தாயி, எது குட்டி?"

அமுதா எங்கள் பூனையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என் பூனை இல்ல."

"உன் வூட்லேர்ந்துதானம்மா வந்துது?" என்றார் கொளஞ்சி.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உடைஞ்சிடுச்சு" என்றேன்.

"யாரு உடைச்சாங்க?" என்று கேட்டார்.

"ஜன்னல் கட்டை..." என்று ஆரம்பித்து, "நான்தான்" என்று முடித்தேன். பஸ் ஸ்டாண்டு, பரண் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு திருத்தமும் தேவைப்படாத செய்தி அதுதான்.

"துண்டெல்லாம் இருக்குதா, தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றார் கொளஞ்சி.

ஸ்கூட்டரில் போய் எடுத்துவந்தேன். சுற்றியிருந்த பேப்பரில் என் செய்தியே இருந்தது: பொய்ச் சாட்சி சொன்னவருக்குச் சிறை. கொளஞ்சி அதை நிதானமாகப் படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தார். தலையையும் தவிலையும் உடம்போடு பொருத்திப் பிடித்தார். சேகரையே அளக்கச் சொன்னார்.

"எட்டு" என்றார் சேகர், மெதுவாக.

அமுதா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சேகர் அந்த ஆறரை அங்குலப் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் சிவந்தது. "அப்ப இது என் பொம்மையிலேர்ந்து எடுத்ததுண்ணே! எவனோ என்னுதைத் திருடியிருக்கான்!"

"நீ ஒரு நோட்டீஸ் வுடு" என்றார் கொளஞ்சி.

சேகர் அச்சை ஒப்படைத்து, இனி அந்தப் பூனையைச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுப் பூனையையும் சாட்சியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அமுதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துண்டுகளை ஒட்டினாள். கழுத்தில் கோடு தெரியும் பூனை இப்போதும் மேல்தட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

போன மாதம் காய்ச்சலில் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பினேன். அமுதா கதவைத் திறந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எளச்ச மாதிரி இருக்குது" என்றாள்.

மகள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தாள்.